சோள ரொட்டியும் சொல்லாமற்போன வரலாறும்





ரவாங் என்றதும் நம் மாணவர்களுக்கு நினைவில் வருவது மின்சாரம். 1894ஆம் ஆண்டில் லோக் இயூ, தம்புசாமி பிள்ளை ஆகிய இருவரும் தங்கள் ஈயச் சுரங்கத்திற்காக இங்கே மின்னாக்கி ஒன்றை நிறுவினார்கள். இந்நாட்டில் மின்சாரம் உண்டாக்கப்பட்டதற்கான முதல் பதிவு அதுவே. பத்துமலை முருகன் கோயிலைத் தோற்றுவித்தவரும் அதே தம்புசாமி பிள்ளைதான் என்று சொல்லும்போது வகுப்பில் ஒரு பெருமிதம் பரவுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஐயமில்லை.

ஆனால், அந்த மின்விளக்கின் வெளிச்சம் எட்டாத தோட்டத்து லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு சமைத்து உண்டவர்களும் ரவாங் மக்கள்தானே? அவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய், ஒரு ரொட்டித் துண்டிடம் வந்து நின்றேன். அந்தக் கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒரு வீட்டுப்பாடம்

சில வாரங்களுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு சிறிய வீட்டுப்பாடம் கொடுத்தேன். “ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் உங்கள் குடும்பத்தார் என்ன உணவு உண்டார்கள்? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள்.” அவ்வளவுதான்.

இருபத்தெட்டுப் பேரில் ஐவர் மட்டுமே எழுதி வந்தனர். மூவர் ‘மரவள்ளிக்கிழங்கு’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டனர். ஒருவன் ‘தெரியாது என்று அம்மா சொன்னார்’ என்று எழுதியிருந்தான். அவனது நேர்மையைப் பாராட்டினேன். ஐந்தாவதாக ஒரு மாணவி எழுதியிருந்ததுதான் என்னை நிற்க வைத்தது: “சோள ரொட்டி. பாட்டியின் அம்மா எண்ணெயில் சுட்டுக் கொடுப்பாராம். எப்படிச் சுடுவது என்று இப்போது யாருக்கும் தெரியாது.”

மறுநாள் பள்ளி வாசலில் ஒரு தாயார் என்னைச் சந்தித்தார். “ஏன் டீச்சர், பிள்ளைகளிடம் போய் இந்தப் பஞ்சப்பாட்டையெல்லாம் கேட்கிறீர்கள்? நாங்கள் பட்டது போதாதா? அவர்களாவது நல்லதைத் தெரிந்துகொள்ளட்டுமே!” என்று கேட்டார். அவர் சினத்தோடு கேட்கவில்லை, வருத்தத்தோடு கேட்டார். எனக்கு உடனே மறுமொழி சொல்லத் தெரியவில்லை. இக்கட்டுரையைத்தான் அவருக்குரிய மறுமொழியாக எழுதுகிறேன்.

என் பாட்டி சுட்ட ரொட்டி

என் பாட்டி ரவாங்கைச் சுற்றியிருந்த தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். ஜப்பானியர் வந்தபோது அவருக்குப் பதினேழு வயது. நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு விடுமுறையின்போது, “அந்தக் காலத்தில் என்ன பாட்டி சாப்பிட்டீர்கள்?” என்று விளையாட்டாகக் கேட்டேன். வாய்ச்சொல்லாக விடை வரவில்லை. மறுநாள் காலையில் அடுப்பங்கரையிலிருந்து வாசனைதான் வந்தது.

மஞ்சள் நிறச் சோளமாவில் உப்பிட்டு, கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, உள்ளங்கையில் வைத்துத் தட்டி, இரும்புச் சட்டியில் எண்ணெய் விட்டுச் சுட்டிருந்தார். வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே மெத்தென்றும் இருந்தது. நான் நான்கைந்து ரொட்டிகளைச் சாப்பிட்டேன். பாட்டி ஒன்றையும் தொடவில்லை. “ஏன் பாட்டி?” என்றேன். “எங்கண்ணனை சயாமுக்குக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு துணியில கட்டிக் கொடுத்தது இதைத்தான்” என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அண்ணன் திரும்பி வரவில்லை என்பது மட்டும் எங்கள் குடும்பத்திற்குத் தெரியும். எந்த மாதம் போனார், எந்த முகாமில் இருந்தார், அவரோடு போன வேறு யாரேனும் திரும்பி வந்து சேதி சொன்னார்களா என்பதெல்லாம் பாட்டியோடு போய்விட்டது. வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் தம் வீட்டு வரலாற்றைக் கேட்காமல் விட்டார் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சோளம் எங்கிருந்து வந்தது?

நாம் இங்கே ‘சோளம்’ என்று சொல்வது, மலாய்க்காரர்கள் ‘ஜாகோங்’ என்று சொல்லும் மஞ்சள் சோளத்தைத்தான். தமிழகத்தில் அதற்கு ‘மக்காச்சோளம்’ என்று பெயர். வெறும் ‘சோளம்’ என்றால் அங்கே அது வேறொரு தானியம். உருண்டையான சிறு மணிகளைக் கொண்ட அந்தச் சோளம் நெடுங்காலமாக நம் மண்ணில் விளைவது.

மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்தின் பயிர். ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய தென் மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ‘தியோசிந்தே’ என்னும் ஒரு காட்டுப் புல்லிலிருந்து அங்குள்ள மக்கள் இதனை உருவாக்கினார்கள். 1492இல் கொலம்பஸ் அக்கண்டத்தை அடைந்த பின்னரே இது கடல் கடந்தது. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்களின் வழியே ஆசியாவுக்கு வந்து சேர்ந்தது.

இதன் பெயர்களைப் பாருங்கள், ஒரு வேடிக்கை விளங்கும்! இத்தாலியர் இதனைத் ‘துருக்கித் தானியம்’ என்றனர். துருக்கியரோ இதற்கு ‘மிசிர்’ என்று பெயரிட்டனர். அவர்கள் மொழியில் மிசிர் என்றால் எகிப்து நாடு! நாம் மக்கா நகரை நினைவூட்டும் பெயரைச் சொல்கிறோம். ‘பெருந்தினை’ எனப் பொருள்படும் சாவகச் சொற்றொடரிலிருந்து ‘ஜாகோங்’ வந்தது என்று விளக்குவோரும் உண்டு. ஒவ்வொரு நாட்டாரும் இது வேறெங்கோ இருந்து வந்தது என்பதை அறிந்திருந்தனர். உண்மையில் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் அறிந்திருக்கவில்லை. பொருள் வந்து சேர்ந்தது. அதன் கதை வழியிலேயே தொலைந்தது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் இது திரும்பத் திரும்ப வரும்.

சோளம் மட்டுமா? மிளகாய், மரவள்ளி, நிலக்கடலை, தக்காளி, பப்பாளி ஆகிய அனைத்தும் அதே கண்டத்திலிருந்து வந்தவை. ஏன், நம் முன்னோரைக் கூட்டங்கூட்டமாக இந்நாட்டுக்கு இழுத்து வந்த ரப்பர் மரமும் அங்கிருந்து வந்ததுதான்! 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலில் திரட்டிய ரப்பர் விதைகள் இலண்டன் கியூ தாவரத் தோட்டத்தை அடைந்தன. அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில கோலா கங்சாரில் நடப்பட்டன. நம்மை இங்கே கொண்டுவந்து சேர்த்த மரமும், பின்னாளில் பசி தீர்த்த சோளமும் மரவள்ளியும் ஒரே கண்டத்தின் பிள்ளைகள். தோட்டத்தில் வேலை செய்த எவருக்கும் இதை யாரும் சொன்னதில்லை.

அரிசி நின்றுபோன நாள்

போருக்கு முந்தைய மலாயா தான் உண்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வெளியிலிருந்தே பெற்றது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பல்களில் அரிசி வந்தது. இங்கே ரப்பரும் ஈயமும் ஏற்றுமதியாகின. அந்தப் பணத்தில் அரிசி இறக்குமதியானது. அமைதிக் காலத்தில் இந்த ஏற்பாடு தடையின்றி நடந்தது. ஆனால் ரப்பர் பாலைக் குடிக்க முடியாது. ஈயத்தைச் சமைக்க முடியாது அல்லவா?

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கியது. 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் சரணடைந்தது. பத்தே வாரங்களில் அனைத்தும் முடிந்துவிட்டன. கப்பல்கள் போர்ப்பணிக்குத் திருப்பப்பட்டன, பல மூழ்கடிக்கப்பட்டன. அரிசிப் பங்கீடு மெல்ல மெல்லச் சுருங்கியது. ரப்பருக்குச் சந்தை இல்லாததால் தோட்டங்களில் வேலையும் இல்லை. வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டுகள் மூட்டை மூட்டையாக இருந்தும் வாங்குவதற்குப் பொருள் இல்லை.

உணவுப் பயிர் செய்யுமாறு ஜப்பானிய நிருவாகம் மக்களை வற்புறுத்தியது. லயத்தின் பின்புறத்திலும் ரப்பர் மரங்களை அழித்த நிலத்திலும் மரவள்ளி, சர்க்கரைவள்ளி, கேழ்வரகு, சோளம் ஆகியவை முளைத்தன. மரவள்ளியை நட்டுவிட்டால் போதும்; ஆனால் கிழங்கு முற்றப் பல மாதங்கள் ஆகும். சோளமோ மூன்று மாதங்களில் கதிர் தரும். உலர்த்தி வைத்தால் கெடாது. எனவே, கிழங்கு வரும்வரை தாங்கிக்கொள்ளும் உணவாகச் சோளம் அமைந்தது.

இதே காலத்தில்தான் சயாம்–பர்மா இரயில் பாதைக்கு ஆள் பிடிக்கப்பட்டது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1942இல் தொடங்கப்பட்டு 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி, உதை ஆகியவற்றுக்கு இரையாகிப் பெருந்தொகையினர் மீளவே இல்லை. ஆர். சண்முகம் 1993இல் வெளியிட்ட ‘சயாம் மரண இரயில்’ நாவல் அத்துயரத்தைப் பதிவுசெய்த முக்கியமான நூல். என் பாட்டியின் அண்ணனும் அந்தப் பாதையில் எங்கோ கிடக்கிறார்.

கைகள் அறிந்திருந்த பாடம்

இனி, அந்த ரொட்டிக்குத் திரும்புவோம். எங்கள் பாட்டிக்குச் சோள ரொட்டி செய்ய யார் கற்றுக்கொடுத்தார்கள்?

கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் அது இழுபடும். அதிலுள்ள ‘குளூட்டன்’ என்னும் புரதமே காரணம். மக்காச்சோள மாவில் அது இல்லை. குளிர்ந்த நீரில் பிசைந்தால் மணல்போல் உதிரும். ஆனால், கொதிக்கும் நீரை ஊற்றினால் மாவிலுள்ள மாச்சத்து வெந்து கூழாகி, பசைபோல் பிடித்துக்கொள்ளும். தமிழகத்துச் சோளத்திற்கும் கேழ்வரகிற்கும் இதே இயல்பு உண்டு. சோள ரொட்டியும் கேழ்வரகு அடையும் தட்டிய பெண்களின் கைகளுக்கு இது பழகிய பாடம். அந்தப் பழக்கம் கப்பலேறி அவர்களோடு வந்திருந்தது. புதிய தானியத்தைப் பழைய அறிவால் கையாண்டார்கள்.

கடலுக்கு அப்பால், அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இதே ரொட்டி உண்டு என்பதைப் பின்னாளில் படித்தபோது வியப்படைந்தேன். அங்குள்ள பழங்குடி மக்களிடமிருந்து பரவிய சோள உணவு, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் அன்றாட உணவாயிற்று. அடிமையாகப் பிறந்து, தப்பிச் சென்று, விடுதலைக்காகப் போராடிய பிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில், ஓர் அடிமைக்கு மாதந்தோறும் அளந்து கொடுக்கப்பட்டவற்றைக் குறிப்பிடுகிறார்: எட்டுப் பவுண்டு பன்றியிறைச்சி அல்லது அதற்கீடான மீன், அதனோடு ஒரு புஷல் சோளமாவு. அந்த மாவில் உப்பிட்டு, கொதிநீர் ஊற்றித் தட்டி, கொழுப்பில் பொரித்தெடுத்த ரொட்டி அப்பகுதியில் இன்றும் சமைக்கப்படுகிறது.

அவர்கள் நம்மைப் பார்த்துக் கற்கவில்லை. நாமும் அவர்களைப் பார்த்துக் கற்கவில்லை. மாவின் இயல்பும் ஏழையின் அடுப்பும் ஒன்றாக இருந்ததால், இரண்டு கரைகளிலும் ஒரே ரொட்டி பிறந்தது. பருத்தித் தோட்டத்திலும் ரப்பர் தோட்டத்திலும் ஒரே ரொட்டி!

சுண்ணாம்பில் இருந்த இரகசியம்

இவ்விடத்தில் பெற்றோர்களுக்கு ஒரு முக்கியமான செய்தியைச் சொல்ல வேண்டும்.

மெக்சிகோவிலும் நடு அமெரிக்காவிலும் வாழ்ந்த மக்கள் சோளத்தை அப்படியே அரைத்து உண்ணவில்லை. சுண்ணாம்பு நீரிலோ சாம்பல் கலந்த நீரிலோ வேகவைத்து, ஊறவைத்து, தோலைக் கழுவி நீக்கிய பின்னரே அரைத்தார்கள். 3000 ஆண்டுகளுக்கும் மேலான பழக்கம் இது. அவ்வாறு பக்குவப்படுத்திய சோளத்திற்கு ‘நிக்ஸ்டமல்’ என்று பெயர். அவர்களுடைய நவாட்டில் மொழியில் சாம்பலையும் மாவுப் பண்டத்தையும் குறிக்கும் இரு சொற்கள் சேர்ந்த பெயர் அது. இதனால் மாவு நன்கு ஒட்டும். அதைவிட மேலாக, சோளத்திற்குள் பூட்டிக் கிடக்கும் ‘நியாசின்’ என்னும் உயிர்ச்சத்து விடுபட்டு, உடம்பில் சேரும் நிலையை அடையும்.

ஐரோப்பியர் சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். அதை ஒரு நாட்டுப்புறப் பழக்கம் என்று எண்ணியிருக்கலாம். விளைவு என்ன? சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த ஏழைகளை ஒரு புதிய நோய் தாக்கியது. வெயில் படும் இடங்களில் தோல் வெடித்துக் கறுத்தது, வயிற்றுப்போக்கு உண்டானது, மனம் பேதலித்தது, இறுதியில் உயிரும் போனது. 1735இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் காஸ்பார் காசால் இந்நோயை இனங்கண்டார். பின்னர் இத்தாலியில் இதற்குப் ‘பெல்லாக்ரா’ என்று பெயர் வைத்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளானதாகவும், ஓர் இலட்சம் பேர் இறந்ததாகவும் கணக்கிடப்படுகிறது. இது தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். 1914இல் இதனை ஆராய அனுப்பப்பட்ட மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், உணவுக் குறைபாடே காரணம் என்று எடுத்துக்காட்டினார். பலர் நம்ப மறுத்தனர். ‘எங்கள் மக்கள் வறுமையில் வாடுகிறார்கள் என்று சொல்கிறாயா?’ என்பதே அவர்களது கோபத்தின் அடிப்படை. 1937இல்தான், கோல்ட்பெர்கர் மறைந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின், குறைந்துபோன சத்து நியாசின் என்பதை கான்ராட் எல்வேஜெம் கண்டறிந்தார்.

நம் இந்தியாவிலும் இதன் நிழல் விழுந்தது. தக்காணப் பகுதியில் நம் பழைய சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட ஏழை மக்களிடையே பெல்லாக்ரா காணப்பட்டது. சோளத்தில் ‘லியூசின்’ என்னும் அமினோ அமிலம் மிகுந்திருப்பது இதற்குக் காரணமாகலாம் என்று மருத்துவர் சி. கோபாலனும் அவருடைய குழுவினரும் 1960இல் எடுத்துரைத்தனர்.

எண்ணிப் பாருங்கள். தானியம் கடல் கடந்தது. அதைப் பக்குவப்படுத்தும் அறிவு கடல் கடக்கவில்லை. அந்த இடைவெளியில் இலட்சம் உயிர்கள் போயின! எங்கள் பாட்டியின் மடியில் எப்போதும் வெற்றிலைப் பை இருந்தது. அதற்குள் சுண்ணாம்புச் சிமிழும் இருந்தது. அடுப்பில் சோளம், மடியில் சுண்ணாம்பு. இரண்டையும் சேர்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு வந்த சோளம்

அறிவும் உணவும் சேர்ந்தே வந்த ஒரு நிகழ்வும் உண்டு. ஆசிரியர்களாகிய நாம் அதை அறிந்திருப்பது நல்லது.

தமிழகத்தில் முதலமைச்சர் காமராசர் 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1960களில் ‘கேர்’ என்னும் தொண்டமைப்பு அத்திட்டத்திற்கு உணவுப் பொருள் வழங்கியது. அமெரிக்க மக்காச்சோள மாவும் பால்மாவும் எண்ணெயும் கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வந்திறங்கின. மஞ்சள் நிற உப்புமாவை வரிசையில் நின்று வாங்கி உண்ட தலைமுறையினர் தமிழகத்தில் இன்றும் இருக்கின்றனர். 1966 அளவில், சோளமாவோடு சோயா மாவையும் பால்மாவையும் கலந்து, உயிர்ச்சத்துகளையும் சேர்த்த ஒரு கலவை மாவு அமெரிக்காவில் உருவாக்கப்பட்டு உலகெங்கும் பிள்ளைகளுக்கு அனுப்பப்பட்டது. சோளத்தில் இல்லாதது என்ன என்பதை அறிந்து, அதைச் சேர்த்து அனுப்பினார்கள். இம்முறை தானியத்தோடு அறிவும் கப்பலேறியது.

அந்த உப்புமாவை நினைவுகூர்ந்து பேசுவோரும் எழுதுவோரும் அங்கே பலர். அதனால் அது வரலாறாயிற்று. நம் சோள ரொட்டியோ வெட்கத்தால் மூடி வைக்கப்பட்டது. அதனால் ஓர் ஐந்தாம் ஆண்டு மாணவியின் ஏட்டில் ‘யாருக்கும் தெரியாது’ என்று முடிந்தது.

செய்யும் முறை

அந்த மாணவிக்காகவே செய்முறையை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. நம் கடைகளில் ‘தெப்போங் ஜாகோங்’ என்று விற்கப்படும் வெள்ளை மாவு இதற்கு ஆகாது. அது சோளத்தின் மாச்சத்து மட்டுமே. குழம்பைக் கெட்டியாக்கப் பயன்படுவது. நமக்கு வேண்டியது முழுச் சோளத்தை அரைத்த மஞ்சள் மாவு. இந்திய மளிகைக் கடைகளில் ‘மக்கி ஆட்டா’ என்று கேட்டால் கிடைக்கும்.

தேவையானவை: மஞ்சள் சோளமாவு 2 கிண்ணம், உப்பு 1 தேக்கரண்டி, கொதிக்கும் நீர் ஏறத்தாழ ஒன்றரைக் கிண்ணம், பொரிக்க எண்ணெய். விரும்பினால் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை.

1. மாவையும் உப்பையும் ஒரு பாத்திரத்தில் நன்கு கலந்துகொள்ளவும். வெங்காயம் முதலியவற்றையும் அப்போதே சேர்க்கலாம்.

2. நீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். வெதுவெதுப்பான நீர் போதாது. கொதிநீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, மரக்கரண்டியால் கிளறவும். மாவு உருட்டும் பதத்திற்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்தவும். மாவுக்கு மாவு நீரின் அளவு சற்றே மாறும்.

3. மூடி வைத்துப் பத்து நிமிடம் விட்டுவிடவும். மாவு நீரை உறிஞ்சிக்கொள்ளும். கை பொறுக்கும் அளவுக்குச் சூடும் தணியும்.

4. கையை நனைத்துக்கொண்டு, எலுமிச்சை அளவு உருண்டைகளாக்கி, அரை விரல் கனத்தில் தட்டவும். ஓரம் வெடித்தால் ஈர விரலால் தடவிச் சேர்க்கவும்.

5. அடிகனமான சட்டியில், ரொட்டியின் பாதி மூழ்குமளவு எண்ணெயை மிதமான தீயில் காயவைத்து, ஒரு பக்கத்திற்கு மூன்று அல்லது நான்கு நிமிடம் விட்டுப் பொன்னிறமாகப் பொரித்தெடுக்கவும். அவசரப்பட்டுத் திருப்பினால் உடையும். தீ மிகுந்தால் வெளியே கருகி உள்ளே வேகாது. எண்ணெய்ச் சட்டியைப் பெரியவர்களே கையாள வேண்டும். தட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் விடலாம்.

சூடாக உண்பதே சுவை. ஆறினால் கல்லாகிவிடும். துணியில் கட்டிக்கொண்டு போனவர் வழியில் அதை எப்படி மென்றிருப்பார் என்று நான் நினைத்ததுண்டு.

பெல்லாக்ராவைப் பற்றிப் படித்துவிட்டு யாரும் அஞ்ச வேண்டாம். பருப்பு, மீன், முட்டை, நிலக்கடலை, பால் என்று பலவகை உணவு உண்ணும் பிள்ளைகளுக்கு இந்த ரொட்டியால் ஒரு தீங்கும் இல்லை. சாம்பாரோடோ மீன் குழம்போடோ கொடுங்கள். சோளத்தில் குறைவதைக் குழம்பு நிறைவு செய்யும்.

அந்தத் தாயாருக்கு...

அம்மா, நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பஞ்சப்பாட்டைப் பிள்ளைகளிடம் ஏன் கேட்கிறீர்கள் என்றீர்கள்.

பஞ்சத்தை நாம் விரும்பி வரவழைக்கவில்லை. அதில் நமக்கு வெட்கம் ஏதுமில்லை. இல்லாத அரிசிக்காக அழுதுகொண்டிராமல், இருந்த சோளத்தை ரொட்டியாக்கிப் பிள்ளைகளைக் காப்பாற்றிய பெண்களைப் பற்றித்தான் நான் கேட்டேன். மின்விளக்கை ஏற்றிய இருவரின் பெயர் பாடநூலில் இருக்கிறது, இருக்கட்டும். அடுப்பை அணையாமல் காத்தவர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை. நம் பிள்ளைகளின் ஏட்டிலாவது இருக்க வேண்டாமா?

இன்னொன்று. ஜப்பானியர் காலத்தில் பதின்ம வயதில் இருந்தவர்கள் இன்று நூறு வயதை நெருங்கியவர்கள். அவர்களுள் வெகு சிலரே எஞ்சியிருப்பர். அவர்கள் வாயால் கேட்ட பிள்ளைகள்தாம் இன்றைய பாட்டிமார்களும் தாத்தாக்களும். அவர்களிடம் கேட்பதே நமக்கு எஞ்சியிருக்கும் வாய்ப்பு. நான் ஒருமுறை கேட்காமல் விட்டேன். அடுத்த வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

ஆசிரிய நண்பர்களே! நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு ஒரு பாடமாக இருக்கிறது. ஓர் உணவு, ஒரு பெரியவர், மூன்று கேள்விகள் போதும். என்ன சாப்பிட்டீர்கள்? யார் சமைத்தார்கள்? அப்போது வீட்டில் யார் யார் இருந்தார்கள்? மூன்றாவது கேள்வியை மறவாமல் கேட்கச் சொல்லுங்கள். அதற்கான விடையில்தான் திரும்பி வராதவர்களின் பெயர்கள் இருக்கும்.

பெற்றோர்களே! வரும் சனிக்கிழமை இந்த ரொட்டியை ஒருமுறை சுட்டுப் பாருங்கள். சுடும்போது பிள்ளையை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டியை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த அளவு கதையையும் சேர்த்துக் கொடுங்கள்.

அந்த மாணவிக்கு ஒரு தாளில் செய்முறையை எழுதிக் கொடுத்தனுப்பினேன். மூன்று நாள் கழித்து, தன் பாட்டி ரொட்டியைத் தின்றுவிட்டு “உப்பு கொஞ்சம் கூட” என்று சொன்னதாக வந்து சொன்னாள். பிறகு, தன் ஏட்டிலிருந்த ‘யாருக்கும் தெரியாது’ என்னும் வரியை அழிப்பானால் அழித்துவிட்டு, அவ்விடத்தில் பாட்டியின் அம்மாவின் பெயரை எழுதிக் காட்டினாள்.

மீண்டும் சந்திப்போம்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியர், ரவாங்